ஓடை மேல் வீடு

கும்பகோணத்துக் கல்லூரியில் புவியியல் துறை ஆற்றைப் பார்த்த மாடியில் இருந்தது. காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில் வகுப்பறையின் மேல்சுவரில் வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும். பேராசிரியை பிரகதீஸ்வரி கரும்பலகையில் நதியின் இளமை, முதுமை என்று படம் வரைந்துகொண்டிருப்பார். சன்னலுக்கு வெளியே நிஜமான நதி, துணி துவைக்கும் சத்தத்தோடும் ரயில்பாலத்துக் கடகடப்போடும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அங்கே எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருஷங்களை நினைத்தால் அருள்செல்விக்கு முதலில் வருவது வாசனைதான். வரைபட அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் பழைய காகிதமும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. மழைநாளில் நமத்துச் சுருண்டுகொள்ளும் ட்ரேசிங் பேப்பரின் வாசனை. மத்தியானம் தோழி அனீஸாவின் டிபன் பாக்ஸைத் திறந்தால் எழும் நெய்ச்சோற்று வாசனை. வகுப்பில் மொத்தமே ஏழு பேர். ஒருத்தி வராவிட்டால் அன்றைக்கு வகுப்பே காலியாகத் தெரியும்.

அவள் புவியியலை விரும்பிச் சேர்ந்தவள் அல்ல. பி.காம். கேட்டுப் போய், இடம் முடிந்து, மிச்சமிருந்ததில் இது கிடைத்தது. அப்புறம் அதுவே பிடித்துப்போய் மேல்படிப்பும் அதிலேயே. "ஜியாகிரபி படிச்சி என்னா பண்றது?" என்று அவள் ஊரான அகரவெளியில் கேட்காத ஆள் இல்லை. அவளுடைய அப்பா சிங்கராயர்தான் எல்லோருக்கும் பதில் சொன்னார். குவைத்தில் நெடுங்காலம் கிரேன் ஓட்டித் திரும்பியவர். "நான் உலகத்துல ஒரு மூலையப் பாத்தேன். அவ முழுசாப் படிக்கட்டும்" என்பார்.

முதல் வருஷ அளவைப் பயிற்சிக்குத் தாராசுரம் கோயில் பக்கத்துப் புல்வெளிக்குப் போவார்கள். சங்கிலியை இழுத்துக்கொண்டு, திசைகாட்டியைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு இவர்கள் நிற்பதைப் பார்த்து, கோயில் பார்க்க வந்த கூட்டம் இவர்களையும் சேர்த்துப் போட்டோ எடுக்கும். துறையில் மட்டம் பார்க்கும் பழைய டம்பி லெவல் கருவி ஒன்று இருந்தது. மூன்று கால் ஸ்டாண்டின்மேல் வைத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, குழாய்க்குள் கண்ணை வைத்தால் எதிரே எல்லாமே தலைகீழாகத் தெரியும். தூரத்தில் அளவுகோலைப் பிடித்து நிற்கும் அனீஸா துப்பட்டாவோடு தலைகீழாகத் தொங்குவாள். "ஏய், சிரிக்காம ரீடிங் சொல்லுடி, கை வலிக்கிது" என்று அவள் கத்துவதும் தலைகீழாகவே கேட்பதுபோல் இருக்கும்.

இரண்டாம் வருஷம் ஆய்வேட்டுக்கு அருள்செல்வி தன் ஊரையே எடுத்துக்கொண்டாள். அகரவெளியில் மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, எப்படி வடிகிறது என்பது தலைப்பு. டெல்டா பார்வைக்குத் தட்டையாக இருக்கும். ஆனால் ஓர் அடி மேடும் அரை அடிப் பள்ளமும்தான் அங்கே ஒரு தெருவை நனைக்கும், இன்னொரு தெருவைக் காயவைக்கும். அதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆவணி வெயிலில் டம்பி லெவலை டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஊருக்கு வந்தார்கள். அளக்க ஆரம்பித்த அன்றைக்கே ஊர் கூடிவிட்டது.

"பைபாஸ் வருதா பாப்பா?"

"இல்ல தாத்தா. காலேஜுக்கு."

"காலேஜ் வருதா? இங்கயா?"

"இல்ல, படிப்புக்கு அளக்குறோம்."

"அதான பாத்தேன். எங்க வயல்ல ஒரு கல்லு நட்டுட்டுப் போயிராதீங்க. அப்பறம் நான் தாசில்தார் ஆபீசுக்கு நடக்கணும்."

சிங்கராயருக்குப் பெருமை பிடிபடவில்லை. இளநீர் வெட்டிக் கொண்டுவந்து வரப்பிலேயே கொடுத்தார். "இந்தக் குழாய்ல என்னாடி தெரியிது, நானும் பாக்கறேன்" என்று குனிந்து பார்த்துவிட்டு, "ஊரத் தலைகீழா ஆக்கிட்டீங்களே" என்று சிரித்தார். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம், "எம் மவதான். மட்டம் பாக்குறா" என்றார், அவர்களுக்குத் தெரியாததுபோல.

அவர் வீடு ஊரின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. குவைத்திலிருந்து வந்ததும் கட்டியது. முன்னால் கிரானைட் போட்ட போர்ட்டிகோ. சேற்றுக்காலோடு யாரும் அதில் ஏறக்கூடாது. பின்னால் கொல்லையில் மாட்டுக்கொட்டகை, துவைக்கும் கல், முருங்கை. நாலு பக்கமும் ஆளுயர மதில். அகரவெளியில் முழு மதில் வைத்த முதல் வீடு அதுதான். மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் புதுத்தெரு. வயல் வேலைக்குப் போகிறவர்கள் வீடுகள். கிழக்கு மதிலுக்கு அப்பால் சிங்கராயரின் சம்பா வயல், அதற்கும் அப்பால் ஊரின் உபரித் தண்ணீரைக் கொண்டுபோகும் வடிவாய்க்கால்.

அளவுகளை வீட்டுக் கூடத்துத் தரையில் விரித்து அருள்செல்வி கோடு போட்டாள். ஒரே மட்டத்தில் இருக்கிற இடங்களை இணைத்து இணைத்துப் போகும் கோடுகள். புதுத்தெருவுக்கு வந்ததும் கோடுகள் எல்லாம் மேட்டுப் பக்கமாக, மேற்கே பார்த்து மூக்கு நீட்டின. ஒரு தாழ்வு, புதுத்தெருவில் ஆரம்பித்து, நேராகத் தங்கள் கொல்லைக்குள் புகுந்து, கொட்டகைக்கு அடியில் போய், சமையற்கட்டு மூலையை உரசிக்கொண்டு, கிழக்கு மதிலைக் கடந்து வயலில் இறங்கியது.

தப்பு செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அடுத்த வாரம் அனீஸாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து அந்த இடத்தை மட்டும் மறுபடி அளந்தாள். கோடு நகரவில்லை. அது ஓடை. எந்தக் காலத்திலோ மண் அடித்து மேவப்பட்டது. மேலே இவர்கள் வீடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். அம்மா செசிலியா கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சாப்புட்டுக்கிட்டே சொல்லு."

"மட்டம் பாத்தோம்ல. புதுத்தெருவுலேருந்து ஒரு தாழ்வு கெழக்க வருது. வந்து நம்ம கொல்லையில பூந்து, வயல்ல எறங்கி, வடிவாய்க்காலுக்குப் போவுது."

"என்னா வருது?"

"மழைத்தண்ணி. வரணும். இப்ப வர முடியல. நம்ம மதில் நிக்கிது. அதான் புதுத்தெருவுல தேங்குது."

சிங்கராயர் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "புதுத்தெருவுல தண்ணி நிக்கிறது இன்னைக்கி நேத்தா நிக்கிது?"

"நாம வீடு கட்டுன பொறவுதான் இம்புட்டு நிக்கிதாம்ப்பா."

"யாரு சொன்னா?"

"நானா கேட்டேன். ஒவ்வொரு வீடாப் போயி. படிப்புக்கு."

"ஓ. வீடு வீடாப் போயி, எங்கப்பன் ஒங்க வாசல்ல தண்ணிய நிறுத்திட்டான்னு கேட்டுட்டு வந்துருக்க."

"அப்புடிக் கேக்கலப்பா."

"எடத்தப் பொறம்போக்குல வளைச்சேனா நான்? பட்டா எம் பேருல இருக்கு. வில்லங்கம் பாத்து, ஆபீஸ் ஆபீஸா நடந்து வாங்குன எடம். ஓடைன்னு ஒரு எழுத்து எந்தக் காகிதத்துலயாவது இருக்கா?"

"காகிதத்துல இல்லப்பா. தரையில இருக்கு."

செசிலியா கரண்டியோடு நின்றுவிட்டாள். சிங்கராயர் செம்புத் தண்ணீரை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவினார். கோழிக்குழம்பின் மேல் தண்ணீர் மிதந்தது. அந்த வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"வெயில்ல வெந்து கட்டுனதுடி இது" என்றார். சத்தம் போடவில்லை. "அங்க ஒரு ரூம்புல எட்டுப் பேரு படுத்துக் கெடந்தோம். அப்ப நெனைச்சேன், நமக்குன்னு நாலு பக்கமும் சுவரு வச்சு ஒரு எடம் வேணும்னு. ஒங்க மிஸ்கிட்ட சொல்லு, வேற ஊரு பாத்துக்கறேன்னு."

அதற்கப்புறம் அவர் அவளிடம் பேசவில்லை. எதுவானாலும் செசிலியா வழியாகத்தான். "பஸ்சு வந்துருச்சுன்னு அவள்ட்ட சொல்லு." "கொடை எடுத்துக்கச் சொல்லு." அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

துறையில் ஆய்வேட்டுத் தலைப்பை மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னதை, பிரகதீஸ்வரி அம்மா விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார். "மாத்தணும்னா இந்த வாரமே மாத்திக்க. செங்கல் சூளையப் பத்தி ஒருத்தர் பண்றேன்னுட்டு விட்டுட்டாங்க. அத வேணா எடுத்துக்க. ஏன், என்னாச்சு?"

"வீட்டுல கொஞ்சம் பிரச்சினை மிஸ்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி, ஒன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது அனீஸாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் வெயில்ல கோலப் புடிச்சு நின்னு கறுத்துப்போயிட்டேன். பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இது என்னா கோலம்னு எங்கம்மா திட்டுறாங்க. நீ நோகாம சூளைக்கிப் போறேங்குற."

"எங்கப்பா பேச மாட்டேங்குறாருடி."

அனீஸா தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து அருள்செல்வியின் சோற்றின்மேல் வைத்தாள். "எங்க அத்தா பேசலன்னா நானும் செத்துருவேன்தான்" என்றாள். "சரி விடு. சூளைக்கே போவோம். அங்கயாவது நெழலு இருக்குமா?"

அருள்செல்வி கோடு போட்ட தாளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். சூளைகளைத் தேடி அலைந்தார்கள். அந்த நாட்களும் நன்றாகத்தான் இருந்தன. செம்மண் தூசியோடு திரும்பிவந்து, கும்பகோணத்தில் கண்ணாடித் தம்ளரில் டிகிரி காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள். ஆனால் பஸ் அரசலாற்றைக் கடந்து ஊருக்குள் திரும்பும்போது, தன் வீட்டு மதில் கண்ணில் பட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முன்பு அது வெறும் மதில். இப்போது அவளால் அதை அப்படிப் பார்க்க முடியவில்லை.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. முதல் நாள் எல்லோரும் சந்தோஷமாக வாசலில் நின்று பார்த்தார்கள். சம்பாப் பயிர் தூர் கட்டுகிற நேரம், மழை நல்லதுதான். இரண்டாம் நாள் யாரும் சந்தோஷப்படவில்லை. மூன்றாம் நாள் பள்ளி, கல்லூரி எல்லாம் விடுமுறை. வரப்புகள் மறைந்து, வயலும் சாலையும் ஒன்றாகி, நடுநடுவே பனைமரங்கள் மட்டும் எது எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தன. கரண்ட் இல்லை. செசிலியா அடுப்பில் நனைந்த விறகை ஊதி ஊதிக் கஞ்சி வைத்தாள். துவையலும் கஞ்சியும்தான் மூன்று வேளைக்கும்.

புதுத்தெருவில் முதலில் முழங்கால் அளவு. பிறகு வாசற்படி. சாலையோரப் பாலத்தடியில் ஆண்கள் கூடி நின்று சத்தம் போட்டார்கள். குழாய் அடைத்துக்கிடந்தது. ஜேசிபி வருகிறது என்றார்கள். தாராசுரம் பக்கம் சாலை அறுந்துவிட்டது, வராது என்றார்கள். சிங்கராயரும் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றார். யாரும் அவரிடம் மதிலைப் பற்றிப் பேசவில்லை. மகள் வீடு வீடாகக் கேட்டது எல்லோருக்கும் தெரியும். வருஷம் பூராவும் அவர் வயலில் வேலை செய்கிறவர்கள், கல்யாணம் காட்சி என்றால் அவர் வீட்டுப் பாத்திரத்தை வாங்கிப்போகிறவர்கள். எப்படிச் சொல்வது?

நாலாம் நாள் காலையில் மேற்கு மதிலுக்கு மேலே ஓர் ஆட்டின் தலை தெரிந்தது. கீழே நாகரத்தினத்தின் குரல். சிங்கராயர் வயலில் நடவு என்றால் முதல் ஆளாக இறங்குகிறவள் அவள். மதிலை ஒட்டிய முதல் வீடு.

"அண்ணி! இத கொஞ்சம் புடிங்க. கொட்டாயில நிக்க எடமில்ல."

செசிலியா துவைக்கும் கல்லின்மேல் ஏறி ஆட்டை வாங்கினாள். இன்னொன்றையும் வாங்கினாள். அருள்செல்வியும் பக்கத்தில் ஏறி நின்றாள். "புள்ளைவோ எங்க?"

"கோயில் மண்டபத்துல விட்டாச்சு. அவுக அப்பா சாமானத் தூக்கிக்கிட்டுப் போயிருக்காரு. நான்தான் நிக்கிறேன்."

"நீ ஏன் நிக்கிற? நீயும் போயேன் ரத்தினம்."

"பின்சுவரு மண்ணுதான அண்ணி. ஊறிப்போச்சு. வெரல வச்சா உள்ள போவுது. விட்டுட்டுப் போவ மனசு வரல. நின்னா மட்டும் நான் என்னா தாங்கவா போறேன்" என்று சிரித்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தாள். மதிலின் உச்சியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அருள்செல்வியைப் பார்த்து, "படிப்பு எப்புடிப் போவுது பாப்பா?" என்றாள்.

"போவுது அத்தை" என்றாள் அருள்செல்வி. ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு கல்லிலிருந்து இறங்கினாள்.

சிங்கராயர் பாலத்தடியிலிருந்து வந்தார். கொல்லைக் கிணற்றடியில் காலைக் கழுவினார். அருள்செல்வி எதிரே போய் நின்றாள். "அப்பா." அவர் விலகிப் போனார்.

செசிலியா கொட்டகைக்குப் போய் மாட்டை அவிழ்த்தாள். பக்கவாட்டுச் சந்து வழியாக இழுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். கிரானைட் படியில் மாடு குளம்பு வைக்கப் பயந்து பின்வாங்கியது. "ஏறுடி. ஏறு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று பிட்டத்தில் தட்டினாள். மாடு வழுக்கி, சமாளித்து, போர்ட்டிகோவில் ஏறியது. பளபளவென்று இருந்த தூணில் அதைக் கட்டினாள். போய்க் கன்றையும் கொண்டுவந்தாள். பிறகு ஆடுகள்.

சிங்கராயர் வாசலில் வந்து நின்று பார்த்தார். "என்னா பண்ற?"

"கொட்டாயில தண்ணி வரப்போவுது."

"எப்புடி வரும்? அங்கதான் மதில் நிக்கிதே."

செசிலியா வைக்கோலை அள்ளிக்கொண்டு வரப் போய்விட்டாள். மாடு புது இடத்தைச் சுற்றிப் பார்த்தது. பிறகு வாலைத் தூக்கி கிரானைட்டின்மேல் சாணி போட்டது. சிங்கராயர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழை போர்ட்டிகோ விளிம்பில் திரைபோல விழுந்துகொண்டிருந்தது.

அருள்செல்வி கொல்லையில் கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்கி மேட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவர் வந்து நின்றது மழைச் சத்தத்தில் தெரியவில்லை.

"எங்க?" என்றார்.

அவள் திரும்பினாள்.

"எங்க இடிக்கணும்?"

இத்தனை வாரங்களுக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசிய பேச்சு அது. தாளை எடுத்துவரத் தேவையில்லை. அந்தக் கோடு அவளுக்கு மனப்பாடம். ஆனால் அந்த நிமிஷத்தில்தான் பயம் வந்தது. காகிதத்தில் ஒரு அளவு தப்பினால் மதிப்பெண் போகும். இங்கே தப்பினால் தண்ணீர் நேராக சமையற்கட்டுக்குள் போகும். வீட்டு அஸ்திவாரத்தைத் தின்னும்.

"தப்பா இருந்துச்சுன்னா அப்பா?"

"தப்பாவா போட்ட?"

"ரெண்டு தடவ அளந்தேன்."

"அப்பறம் என்னா."

"மொதல்ல கெழக்க இடிக்கணும்ப்பா. போற வழியத் தொறந்துட்டுத்தான் வர்ற வழியத் தொறக்கணும். இல்லன்னா உள்ளயே நின்னுரும்."

அவர் தலையாட்டினார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிழக்கு மதிலுக்குப் போனார். அவள் காட்டிய இடத்தில் ஓங்கிக் குத்தினார். சாந்து தெறித்தது. கல் அசையவில்லை. மறுபடி குத்தினார். "ஒன்னுக்கு நாலு சிமெண்டுக் கலவைடி" என்றார் மூச்சு வாங்க. "லேசுல விழாது." அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

சத்தம் கேட்டு நாகரத்தினத்தின் வீட்டுக்காரன் ஜெயபால் மதிலேறிக் குதித்தான். கையில் சம்மட்டி. "அண்ணே, நவுருங்க. நான் இடிக்கிறேன்."

"நீ மேக்கால போயி நில்லு. சொல்றப்ப அடி. இத நான் கட்டுனேன்."

மதில் ஒரு கல்லாக, இரண்டு கல்லாக விட்டுக்கொடுத்தது. கடைசியில் ஓர் ஆள் அகலத்துக்கு வாய் திறந்து வயல் தெரிந்தது. சிங்கராயர் கைகாட்டினார். மேற்கே ஜெயபாலும் தெரு ஆட்களும் அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் அடித்தார்கள். மதில் ஒரு தடவை வயிறு புடைத்ததுபோல உள்ளே தள்ளியது. பிறகு உட்கார்ந்தது.

தண்ணீர் கலங்கலாக, செருப்பும் பிளாஸ்டிக் குடமும் வைக்கோலும் கலந்து வந்தது. கொல்லைக்குள் வந்ததும் எங்கே போவது என்று தெரியாததுபோல விரிந்தது. துவைக்கும் கல்லைச் சுற்றியது. சமையற்கட்டுப் படியில் ஏறியது. முதல் படி, இரண்டாம் படி. செசிலியா வாசற்படியில் மண்மூட்டையோடு நின்றாள். அருள்செல்வி ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு கொட்டகைப் பக்கம் தண்ணீரில் ஒரு சுருக்கம் விழுந்தது. இழுக்க ஆரம்பித்தது. படியில் ஏறிய தண்ணீர் இறங்கியது. கொல்லையின் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொட்டகைத் தரையைப் பெயர்த்துக்கொண்டு, மேவியிருந்த மண்ணை அரித்துக்கொண்டு கிழக்கு வாயில் பாய்ந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வரைந்த கோட்டின்மேலேயே போனது.

கொட்டகையின் ஒரு தூண் சாய்ந்தது. மேலே போட்டிருந்த தகரம் சரிந்து விழுந்து மிதந்தது. கிழக்கு வயலில் தண்ணீர் இறங்கிய வழி நெடுக இளம்பயிர் படுத்துப்போனது. சிங்கராயர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

மத்தியானத்துக்குமேல் புதுத்தெருவில் தரை தெரிந்தது. வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. நாகரத்தினத்தின் பின்சுவர் தண்ணீர் வடிந்த பிறகுதான் விழுந்தது. ஊறின மண், தாங்கவில்லை. உள்ளே யாருமில்லை. மற்ற வீடுகள் நின்றன.

அன்று சாயங்காலம் நாகரத்தினம் குடும்பமும் இன்னும் சிலரும் போர்ட்டிகோவில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். கிரானைட் தெரியாத அளவுக்குச் சேறு. நாகரத்தினம் விளக்குமாற்றைத் தேடிப் போனாள். "ஒக்காருடி, நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்று செசிலியா இழுத்து உட்கார வைத்தாள்.

ஜெயபால் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "எங்க சுவரு போனாலும் மண்ணக் கொழச்சு வச்சுருவோம். ஒங்க கொட்டாய் போச்சே அண்ணே. பயிரும் போச்சு."

"கொட்டாயா?" என்றார் சிங்கராயர். கஞ்சியை ஒரு வாய் குடித்தார். "அது ஓடையில கட்டுனதுப்பா."

மகளைப் பார்க்காமல்தான் சொன்னார். அவளும் அவரைப் பார்க்கவில்லை. தம்ளருக்குள் குனிந்துகொண்டாள்.

அவர் ஒன்றும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் கிளாட்சன் போன் செய்தபோதெல்லாம் புலம்பினார். "ஒந் தங்கச்சி படிச்சது இருக்குல்ல, அதுக்கு மொத காவு நம்ம மதிலுதான்." கொத்தனாரை வரச்சொன்னார். வந்த கொத்தனார் இடைவெளியை அளந்துகொண்டிருந்தபோது, "அடைக்க வேணாம், ரெண்டு பக்கமும் ஓரத்தப் பூசி விடு, அரிக்காம இருக்க" என்றார். கொட்டகையை வேறு மூலையில், மேட்டில் போட்டார். எந்த மூலை என்று அருள்செல்வியிடம் கேட்டார். கேட்டுவிட்டு, தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் போட்டார்.

கல்லூரி திறந்ததும் அவள் துறைக்குப் போனாள். "சூளை என்னாச்சு?" என்றார் பிரகதீஸ்வரி அம்மா.

"விட்டுட்டேன் மிஸ். பழசையே பண்றேன்."

அனீஸா டெஸ்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "அல்லாவே, மறுபடி வெயிலா!"

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அவள் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்த எடத்துல மதில் ரெண்டு பக்கமும் விட்டுப்போயிருக்கே. அளக்கல்லியா?" என்றார்.

"அளந்தேன் சார். அங்க மதில் இல்ல. இடிச்சாச்சு."

"யாரு இடிச்சது?"

"எங்கப்பா சார்" என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அந்தப் பேராசிரியர் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று பிரகதீஸ்வரி அம்மாவைப் பார்த்தார். அவர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அதெல்லாம் முடிந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அனீஸா கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள். வகுப்பு எழுவரும் ஏழு திசை. அருள்செல்வி தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். செம்மண்ணும் பாறையுமான ஊர். அங்கே மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் சுவடு இருக்காது. மாணவர்கள் போனிலேயே படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கோடு போட்டுவிடுகிறார்கள். வேகமாகவும் சரியாகவும் போடுகிறார்கள். அவள் குறை சொல்வதில்லை. சில மத்தியானங்களில் மட்டும், மாடி வகுப்பறைச் சுவரில் ஆற்று வெளிச்சம் நெளிந்தது ஞாபகம் வரும். அந்த வெளிச்சத்தை எந்தக் கல்லூரியிலும் அவள் மறுபடி பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள், மதிய இடைவேளையில் போன் வந்தது.

"பாப்பா, கிளாஸ்ல இருக்கியா?"

"இல்லப்பா, சொல்லுங்க."

"இங்க மழை."

"டிவியில பாத்தேன். நிறையவா?"

"நல்ல மழை. இரு."

போனை அவர் எங்கோ கீழே கொண்டுபோவது தெரிந்தது. பிறகு ஒரு சத்தம். சலசலவென்று, இடையில் கல்லில் இடறிக் கொப்புளித்து, மறுபடி சீராகப் போகும் தண்ணீர். வராந்தாவில் மாணவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அவள் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

"கெளுத்தி மீனு ஏறுதுடி. வடிவாய்க்கால்லேருந்து வயலு வழியா வந்து நம்ம கொல்லையத் தாண்டி ரத்தினம் வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கு. தெருவே வந்து நிக்கிது பாக்க. ஒங்கம்மா பஞ்சாரத்தக் கவுக்கப் பாக்குறா. நான் வேணாம்னுட்டேன். நம்ம கொல்லையில வச்சுப் புடிக்கக்கூடாது. அது பாட்டுக்கு மேல போவட்டும்."

பின்னால் தொப்பென்று ஏதோ தண்ணீரில் விழும் சத்தம். அதைத் தொடர்ந்து பெண்களின் சிரிப்பு. அதில் அம்மாவின் சிரிப்பும் நாகரத்தினத்தின் சிரிப்பும் தனித்தனியாகத் தெரிந்தன.

"ஏய்! சொல்லிக்கிட்டே இருக்கேன்ல, எடு அத! எடுடி!" என்று சிங்கராயர் கத்தினார். போன் கையில் இருப்பதை மறந்துவிட்டார். அவர் ஓடுவதும், வழுக்கிச் சமாளிப்பதும், தண்ணீர் அவர் கால்களில் மோதி விலகிப் போவதும் கேட்டன. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அருள்செல்வி போனை வைக்கவில்லை.